அந்தரத்தில் நிற்கும் கை

— ராபின்சன் சாரே, எல்லாத்துக்கும் காரணம் சொல்லுவீங்களே, இதுக்கும் ஒண்ணு சொல்லுங்க. எனக்க மவ டெல்னா, நடந்து பழகக் கட்டின இந்த ரெண்டு கமுகுக் கம்புக்கும் நடுவில போகும்போ இடது கை கம்பைப் பிடிக்குது. வலது கை மட்டும் என்னத்துக்கு அந்தரத்தில நிக்குது?

— எப்பிடி நிக்குது விலாசினியக்கா? ஆடுதா?

— ஆடல. வெரல மடக்கி, ஆரோ கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போறது போல.

— காலு ரெண்டும் வெறைச்சுப் பெறந்த பிள்ளையாக்கும். நடக்கும்போ கை அப்பிடி ஒயரும்.

— நானும் அப்பிடித்தான் நெனைச்சேன். அவகிட்ட கேட்டா, ஜின்சி பிடிச்சிருக்கான்னு சொல்லுதா.

— ஜின்சி ஆரு?

— மூத்தவ. தொண்ணூத்தி ரெண்டில மஞ்சக்காமாலையில போனா. இவளை இடுப்பில தூக்கிட்டு நடந்தது முழுக்க அவதான்.

— பிள்ளைக்குப் பழைய நெனப்பு, ஓர்மை இருக்கும் அக்கா. பயப்படாண்டாம்.

— ஓர்மை வளருமா சாரே?

— என்னது?

— கிறிஸ்மசுக்கு அந்தக் கை எனக்க இடுப்புக்குக் கீழ நின்னுது. இப்பம் இடுப்புக்கு மேல. இந்த ரப்பர் மரத்தில கரிக்கட்டையால கோடு போட்டு வச்சிருக்கேன். நாலு வெரக்கடை ஏறியாச்சு. செத்த பிள்ளை வளருது சாரே! நாளைக்கு ஜெபிச்சு அவளை அனுப்பப் பாஸ்டர் வாறாரு. இனி இந்த எக்சர்சைசு மதி, போதும்.

— நில்லுங்க அக்கா. நிறுத்தினா ரெண்டு மாசத்தில காலு முட்டு பழையபடி மடங்கிப் பிடிச்சுக்கும். கேட்டில இருந்து வகுப்பு வரைக்கும் தானா நடந்தா ஜூன்ல சேக்கேன்னு ஹெட்மாஸ்டர் சொல்லியிருக்காருல்லா? பிள்ளை வீட்டில கெடக்கணுமா? இங்க பாருங்க, சிம்பிளாக்கும். நான் கால்முட்டை மடக்கி நிக்கேன். எனக்க கை எங்க?

— தாழ.

— இனி நிமிருதேன். இப்பம்?

— மேல போச்சு.

— அம்பிடுதான்! வளந்தது ஜின்சி இல்ல. நிமிந்தது டெல்னாக்க முட்டு. அஞ்சு மாசத்தில நாலு வெரக்கடை! சனிக்கிழமை தோறும் நெய்யாற்றின்கரையில இருந்து இந்தக் காலை நிமித்த நான் பஸ்ஸில தொங்கிட்டு வாறது வீணில்ல.

— எனக்க கர்த்தாவே! நேராட்டா?

— நேராட்டு, உண்மையாக்கும்.

— அப்பம் நான் வலது பக்கம் நிக்கும்போ எல்லாம் எதுக்கு விழுதா?

— நீங்க பயந்து நிக்குதீங்க, அதான். நான் நிக்கேன் பாருங்க. மக்கா டெல்னா, மாமனுக்க கையைப் பிடி. பைய வா. ஒண்ணு... ரெண்டு... ஐயோ! பிடிச்சாச்சு, பிடிச்சாச்சு. என்ன மக்கா, காலு வலிச்சுதா?

— இல்ல. மாமன் ஜின்சிக்க காலைச் சவுட்டி மிதிக்குது.

— எதுக்கு சாரே கீழ குனிஞ்சு பாக்குதீங்க? காரணம் சொல்லுங்க.

— நான்... நான் இடது பக்கம் மாறி நிக்கேன். மக்கா, இனி நட. அக்கா, நீங்க எண்ணுங்க.

— கை ஒயந்தாச்சு சாரே. மூணு... நாலு... ஏழு... பத்து... பன்னிரண்டு. கம்பு தீந்து போச்சு! சாரே, கம்பு தீந்தும் போறா! இடது கையையும் விட்டாச்சு!

— டெல்னா! மதி மக்கா, நில்லு!

— இன்னும் கொஞ்சம் போலாம்னு ஜின்சி சொல்லுதா.

— சாரே, நான் இப்பம் என்ன செய்ய? பாஸ்டரை வரச் சொல்லவா, வேண்டாம்னு சொல்லவா?

— காரணம் எனக்குத் தெரியல அக்கா. செய்ய வேண்டியது தெரியும். உங்க வீட்டுக்காரரு சுந்தரதாசண்ணன் ரப்பர் பால் எடுத்துட்டு வந்த ஒடனே வலது பக்கத்துக் கம்பை மட்டும் பிடுங்கச் சொல்லுங்க. அங்க இனி நாம ஆரும் நிக்காண்டாம். ஒரு பிள்ளை நடக்குத அளவுக்கு எடம் ஒழிஞ்சு கெடக்கட்டும்.