இரண்டாவது பாண்

பகல் பன்னிரண்டு மணி. பிரான்சில், இருபத்திரண்டு வீடுகள் மட்டுமே உள்ள ஒரு கிராமத்தின் ஒற்றைத் தெரு. ஒரு மனித முகமும் இல்லை...

பேய்க்கு இரவுதான் வேணும் என்று ஆர் சொன்னது, யதுர்ஷா? அந்த ஊர்களில் ஆகத் தனிமையானது மத்தியானம்தான். மரச் சன்னல்களை இழுத்து மூடிவிட்டு எல்லோரும் சாப்பிட இருந்துவிடுவார்கள். இரண்டு மணிவரைக்கும் நாய்கூடத் தெருவில் இறங்காது.

இது உன் சிநேகிதி துஷாராவின் மாமி இந்திராவுக்கு நடந்தது. ஒஸ்லோவில், புருசெத்தில் இருப்பவர். கூட வேலை செய்யும் கரோலினா, பதினெட்டு வருடச் சிநேகிதி. "பிரான்சிலை என்ரை வீடு சும்மாதானே கிடக்கு, ஒரு மாதம் போய் நில்" என்று தானே கூட்டிக்கொண்டு போய், ஒரு நாள் நின்று, விட்டுவிட்டு வந்தாள்.

அங்கே இந்திராவுக்குப் பிடிபடாதது ஒரு சின்ன விஷயம். அவர் சொல்லிவைத்தது ஒரு பாண். கதவுக் கைப்பிடியில் தினமும் தொங்கியது இரண்டு.

ஊரில் கடை இல்லை. பாண்காரர் வான் வண்டியில் வருவார். இரண்டு தரம் ஹோர்ன் அடிப்பார். பையைக் கைப்பிடியில் கொழுவிவிட்டுப் போய்விடுவார். இந்திரா முன்பு பாரிஸில் இருந்தவர், பிரெஞ்சு தெரியும். கேட்டுப் பார்த்தார். "நான் ஒண்டுதான் வைக்கிறனான்" என்றார் பாண்காரர்.

எட்டாம் நாள் சன்னல் இடுக்கால் பார்த்துக்கொண்டு நின்றார். வான் வந்தது. ஒரு பாண். வான் போனது. தேவாலய மணி பன்னிரண்டு அடித்தது. அந்த ஊர் மணி எப்போதும் இரண்டு தரம் அடிக்கும். முதல் தரம் எண்ணத் தவறிய வயல்காரருக்காக, இரண்டு நிமிடம் கழித்து மறுபடியும். நடுவில் அந்த இரண்டு நிமிடம்...

டக்... டக்... மரச் செருப்பு. அறைக்குள் புளித்த மாவின் மணம். சன்னல் இடுக்கு இருண்டது. பிறகு மணி மறுபடி பன்னிரண்டு அடித்தது. வெளிச்சம் வந்தது. தெருவில் ஒருவரும் இல்லை.

கைப்பிடியில் இரண்டாவது பாண். கறுத்து, உருண்டையாக. அடியில் கத்தியால் கீறிய சிலுவை. தொட்டால் சுட்டது.

எதிர்வீட்டு மேரினிடம் ஓடினார். அவள் சாப்பாட்டு மேசையை விட்டு எழும்பவில்லை.

"கரோலினா சொல்லேல்லையா? நாலு வருஷம் அவளுக்குத்தான் வந்தது. கடைசியில செருப்புச் சத்தம் அவளின்ரை கட்டிலடிக்கு வந்திட்டுது."

"உங்கள் எல்லாருக்கும் தெரியுமா?"

"இருபத்திரண்டு வீடு. இதிலை என்ன தெரியாமல் போகும்?"

அன்றைக்கே இந்திரா ஒஸ்லோவுக்குத் திரும்பிவிட்டார். அடுத்த நாள் மத்தியானம், புருசெத்தில், ஏழாம் மாடிக் கதவில்... சுடச் சுட ஒன்று. மூன்றாம் நாள் சத்தம் உள்ளே வந்து, சப்பாத்துக் கழற்றும் இடத்தில் நின்றது. ஐந்தாம் நாள் குசினி வாசலில்.

கரோலினாவுக்குப் போன் எடுத்தார். எப்படி நிற்பாட்டினாய் என்று கேட்டார்.

"குப்பையிலை போட்டன், எரிச்சும் பாத்தன். ஆருக்கோ குடுத்தும் பாத்தன், சரிவரேல்லை. எங்களை முழுசா நம்புற ஆள் வேணும், இந்திரா. அங்கை முதல் நாள் நான் பாண் வெட்டித் தந்தது ஞாபகம் இருக்கே?"

"அதுக்கு நானோ அம்பிட்டன்?"

"வேறை ஆர் எனக்கு இருக்கினம்?"

அழுதாள். பிறகு அந்த நம்பர் வேலை செய்யவில்லை.

ஞாயிற்றுக்கிழமை இந்திரா சிவமலரைச் சாப்பிடக் கூப்பிட்டார். ஒஸ்லோவிலேயே வெஸ்ட்லியில் இருக்கும் சிவமலர். இந்திரா இரவு வேலைக்குப் போன காலத்தில் அவரின் இரண்டு பிள்ளைகளையும் தன் பிள்ளைகளோடு படுக்க வைத்தவர்.

"என்னடி, மீன் குழம்போடை பாணோ? வெள்ளைக்காரியளோடை பழகிப் புட்டவிக்கவும் மறந்திட்டாய்!" என்று சிரித்துக்கொண்டு இருந்தார். இந்திரா வெட்டிய துண்டை வாங்கக் கையை நீட்டினார்.

வழி இதுதான். உங்களை நம்பும் ஒருவருக்கு அதை உங்கள் கையாலேயே வெட்டிக் கொடுக்க வேணும். அவர் ஒரு வாய் விழுங்கினால் போதும். அடுத்த நாளிலிருந்து உங்கள் கதவுக்கு வராது.