சும்மா ஆடிய ஆட்டங்கள்

உங்கள் ரைட்டருக்கு நல்ல கையெழுத்து. அவசரத்தில்கூட வரி சாயவில்லை. பதினெட்டு வருடம் எழுதிப் பிழைத்தவன் நான். கண் முதலில் அங்கேதான் போகிறது. அவருக்குக் கை வலிக்க வேண்டாம், நான் நிதானமாகவே சொல்கிறேன். நீங்களும் மேஜையைத் தட்ட வேண்டியதில்லை, இன்ஸ்பெக்டர் ஐயா. மறைக்க என்னிடம் எதுவும் இல்லை.

என் பெயர் இனிகோ. கடற்கரை ஓரம் துரைமார் கோல்ஃப் ஆடுகிற கிளப்பில் குமாஸ்தா. ஹாண்டிகேப் புத்தகம் என் பொறுப்பு. அது என்னவென்று நீங்கள் கேட்டது நியாயம்தான். பதினெட்டுக் குழியிலும் பந்தைப் போட ஒருவன் மொத்தம் எத்தனை அடி எடுக்கிறானோ அதுதான் அவன் கணக்கு. அடி குறைந்தவன் ஜெயித்தவன். நன்றாக ஆடுகிறவனும் சுமாராக ஆடுகிறவனும் மோதினால் நியாயமாக இருக்காது அல்லவா? அதனால் சுமாரானவனுக்கு இத்தனை அடி தள்ளுபடி என்று முன்கூட்டியே எழுதி வைப்போம். அந்தத் தள்ளுபடிதான் ஹாண்டிகேப். எங்கள் மைதானத்தில் எழுபத்திரண்டுக்கு மேல் ஒருவன் எடுக்கிற அடி அது. கெட்டிக்காரனுக்குக் குறைவு, மற்றவனுக்கு அதிகம். அதைத் தப்பில்லாமல் எழுதுவது லேசுப்பட்ட வேலை இல்லை. துரைமார் பாதிப் பேர், தள்ளுபடி கூட வேண்டும் என்பதற்காகவே மோசமாக ஆடுவார்கள். எனக்கு அது பார்த்தவுடன் தெரியும்.

மனுவேல் என் தங்கை ஞானசௌந்தரியின் புருஷன். சங்கு குளித்துக்கொண்டிருந்தவன். நாற்பத்து நாலில் ஆழத்தில் வலது காது உடைந்து ரத்தத்தோடு ஏறி வந்தான். இனி ஆழத்தில் இறங்கினால் உயிருக்கு உத்தரவாதம் இல்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். நான்தான் துரையிடம் பேசி அவனைக் கிளப்பில் மைதான வேலைக்குச் சேர்த்துவிட்டேன். இதையும் எழுதிக்கொள்ளுங்கள். நம் ஊரில் புல் நிற்காது. குழியைச் சுற்றி மணலில் எண்ணெய் கலந்து வட்டமாகப் பரப்பி வைத்திருப்போம். அதைக் கட்டையால் இழுத்துச் சமன் செய்வது அவன் வேலை.

திங்கட்கிழமை காலையில் துரைமார் வரமாட்டார்கள். வேலையாட்கள் ஆடிக்கொள்ளலாம் என்று அனுமதி. துரை தூக்கிப் போட்ட பழைய மட்டைகள் நாலை வைத்துக்கொண்டு மனுவேல் ஆடுவான். எப்படி ஆடினான் என்று கேளுங்கள். கீழைக்காற்றுக்கு எதிரே அவன் அடித்த பந்து, சொன்ன இடத்தில் போய் உட்காரும். பந்து குழியில் விழுந்ததும் தலையைப் பின்னால் சாய்த்து ஒரு சிரிப்பு சிரிப்பான். எத்தனை அடி என்று அவன் எண்ணியதே இல்லை. நான் எண்ணினேன். மட்டை வைக்கும் அறையின் ஜன்னல் வழியாக ஒன்றரை வருடம் எண்ணினேன். நாற்பத்தொரு ஆட்டம். ஒவ்வொன்றும் எழுபத்தைந்து, எழுபத்தாறு. அந்தச் சிரிப்பைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும். இதைச் சொல்வதில் எனக்கு வெட்கம் இல்லை. படிக்காதவன், எண்ணத் தெரியாதவன், துரையால் முடியாததைச் செய்துவிட்டுச் சிரித்தால் யாருக்குத்தான் எரியாது?

ஆனால் போட்டி என்று வந்தால் அவன் பந்தை விட்டுவிட்டு ஆட்களைப் பார்ப்பான். நாலு பேர் சுற்றி நின்றாலே எண்பத்தெட்டு அடி ஆகிவிடும். புத்தகத்தில் போட்டி ஆட்டம் மட்டும்தான் ஏறும் என்பதால் அவன் ஹாண்டிகேப் பதினாறு என்று இருந்தது.

இந்த வருடம் ஜனவரியில் துரைமார் மூட்டை கட்ட ஆரம்பித்தார்கள். மைதான ஆட்களில் ஒருவனை மட்டும் மேஸ்திரியாக நிரந்தரமாக வைத்துக்கொண்டு மற்றவர்களை அனுப்பிவிடுவது என்று முடிவு. கிளப் கேப்டன் துரை ஒரு விளையாட்டுப் பேர்வழி. வேலையாட்களுக்கு ஒரு போட்டி, ஜெயித்தவன் மேஸ்திரி என்று சொல்லிவிட்டார். அப்போதுதான் நான் அந்த நாற்பத்தொரு ஆட்டத்தையும் குறித்து வைத்திருந்த நோட்டை எடுத்துக்கொண்டு அவர் அறைக்குப் போனேன்.

சும்மா ஆடிய ஆட்டத்தை எப்படிக் கணக்கில் சேர்ப்பது என்று அவர் கேட்டார். சும்மா ஆடுகிறவன் தப்பாகப் போன அடியை எண்ணமாட்டான், குழிக்கு அருகே வந்த பந்தை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு நடப்பான், அதற்கு என்ன மதிப்பு என்றார். நான் சொன்னேன்: போட்டியில் ஒருவன் காட்டுவது அவன் பயத்தை. யாரும் பார்க்கவில்லை என்று நினைக்கும்போது காட்டுவதுதான் அவன் திறமை. எண்ணுவதற்கு நம்பகமான ஆள் ஒருவன் இருந்தால் போதும். துரை என் நோட்டை வாங்கிப் புரட்டினார். பிறகு, வேலையாட்களுக்கு மட்டும் அப்படியே வைத்துக்கொள் என்றார். துரைமாருக்கு அந்த விதி வேண்டாமாம். எனக்கு அதில் வருத்தம் இல்லை.

மனுவேலின் பதினாறை அடித்துவிட்டு நாலு என்று எழுதினேன். சிவப்பு மையில்.

அன்று சாயங்காலம் ஞானசௌந்தரி வீட்டுக்கு வந்தாள். முக்காட்டைக்கூடச் சரியாகப் போடவில்லை.

“அண்ணே, இந்த வேல போச்சுன்னா அவரு திரும்ப முங்கத்தான் போவாரு. மார்ச்சுல முத்துக்குளிப்பு இருக்குன்னு இப்பமே பேசுதாவ. ஒங்க கையால எழுதுனதுதான, ஒங்க கையாலயே அடிச்சிருங்க.”

“ஏளா, அவன் அடிச்சதத்தான் நான் எழுதிருக்கேன். கூட ஒண்ணு எழுதுனனா?”

“சும்மா ஆடுனதப் போயி எழுதுவாவளா அண்ணே?”

அவளுக்கு நான் சொல்லிப் பார்த்தேன். பெண்பிள்ளைகளுக்கு ஹாண்டிகேப் புரிவது கஷ்டம்.

போட்டியில் மனுவேல் எண்பத்தாறு அடி எடுத்தான். நாலைக் கழித்தால் எண்பத்திரண்டு. சிவனணைந்தபெருமாள் என்று முள்ளு வெட்டுகிற ஒருவர் தொண்ணூற்றெட்டு அடித்தார். அவருக்கு இருபத்து நாலு தள்ளுபடி, எழுபத்து நாலில் ஜெயித்தார். அவர் திங்கட்கிழமைதோறும் ஆத்தூருக்கு வெற்றிலை வாங்கப் போய்விடுவார். சும்மா ஒரு ஆட்டம் ஆடியதே கிடையாது. மனுவேலுக்குப் பழைய பதினாறு இருந்திருந்தால் நாலு அடியில் அவன் ஜெயித்திருப்பான். நான் போட்டுப் பார்த்தேன்.

அவன் சண்டைக்கு வருவான் என்று நினைத்தேன். வரவில்லை. மட்டைகளை என் மேஜை மேல் வைத்துவிட்டு, “மச்சான், இத்தன நாளும் என் ஆட்டத்தப் பாத்துக்கிட்டா இருந்தீய? சொல்லிருந்தா இன்னும் நல்லா ஆடிருப்பம்லா,” என்று சிரித்தான். அதே சிரிப்பு.

மார்ச்சில் அவன் முத்துக்குளிப்புக்குப் பெயர் கொடுத்தான். எங்கள் ஆட்களிடம் ஒரு வழக்கம் உண்டு, ஐயா. முங்குகிறவன் கயிற்றை மச்சான்தான் பிடிக்க வேண்டும். தன் தங்கை தாலி அறுவதை எந்த அண்ணனும் பார்த்துக்கொண்டிருக்க மாட்டான் என்ற நம்பிக்கை. கூடப் பிறந்த தம்பி இருக்கும்போதே மனுவேல் என்னைத்தான் கேட்டான். கிளப்பில் லீவு போட்டுவிட்டுப் போனேன்.

தோணி செல்வதுரையுடையது. சிப்பி விளைகிற பார் இருக்கிற இடத்தில் ஒன்பது பாகம், அதாவது ஐம்பத்து நாலு அடி ஆழம். முதல் நாள் விடியலில் மனுவேல் கயிற்றை இடுப்பில் கட்டிக்கொண்டு என்னிடம் சொன்னான்: “மச்சான், காதுக்குள்ள தண்ணி ஏறுனா மேல எது கீழ எதுன்னு தெரியாமப் போயிருது. கயிறுதான் எனக்கு வழி. ஆட்டுனதும் இழுத்துருங்க, என்ன?” நான் தலையசைத்தேன். ஆழத்துக்கு இழுத்துப் போகிற கல்லில் கால் வைத்து இறங்கினான்.

நான் எண்ணினேன். எண்ணாமல் எனக்கு எதையும் பார்க்க வராது. ஐம்பதில் ஆட்டினான், இழுத்தேன். அடுத்தது ஐம்பத்திரண்டு. இரண்டு நாளும் ஐம்பதைச் சுற்றியே வந்தது.

இங்கேதான் நீங்கள் கவனிக்க வேண்டும். அவனுடைய மூத்த பிள்ளைக்கு ஞானஸ்நானம் கொடுத்த அன்று, ஆண்கள் எல்லோரும் முயல் தீவுப் பக்கம் குளிக்கப் போனோம். மனுவேல் விளையாட்டாக ஒரு முங்கு முங்கினான். மார்பளவு தண்ணீர்தான். நான் கரையில் இருந்து எண்ணினேன். எண்பத்து நான்கு. ஏறி வந்து சிரித்தான்.

எண்பத்து நான்கு நிற்கக்கூடியவன் ஐம்பதில் கயிற்றை ஆட்டுகிறான் என்றால் அதற்கு என்ன பெயர்? தள்ளுபடிக்காகச் சுமாராக ஆடும் துரைமாரை நான் பதினெட்டு வருடம் பார்த்திருக்கிறேன். இரண்டாம் நாள் முடிவில் அவனிடமே சொன்னேன், உனக்கு எண்பத்து நாலு இருக்கிறதே என்று. “அது சும்மா வெளயாண்டது மச்சான்,” என்றான். எல்லோரும் அதையேதான் சொல்கிறார்கள்.

மூன்றாம் நாள், ஐந்தாவது முங்கு. ஐம்பத்தொன்றில் கயிறு ஆடியது. நான் எண்ணிக்கொண்டிருந்தேன். அறுபதில் பலமாக ஆடியது, இரண்டு தடவை. தோணியின் மறுமுனையில் வேறொருவன் கயிற்றை இழுத்துக்கொண்டிருந்த செல்வதுரை, “ஏலே இனிகோ, கயிறு ஆடுதுலே, இழு,” என்று கத்தினார். தெரியும் என்றேன். கயிறு என் உள்ளங்கையைத் தோலுரித்தது. பாருங்கள், இன்னும் ஆறவில்லை. விடாமல்தான் பிடித்திருந்தேன். அறுபத்தெட்டில் ஆட்டம் நின்றது. பதற்றம் தெளிந்து நிதானத்துக்கு வந்துவிட்டான் என்று எடுத்துக்கொண்டேன். செல்வதுரை ஆட்களைத் தாண்டி என் பக்கம் வருவதற்குள் எண்பத்து நான்கு ஆகிவிட்டது. உடனே இழுத்தேன். ஒரு எண் கூட விடவில்லை. அதற்கு அவரே சாட்சி.

பையில் பதினொரு சிப்பி இருந்தது. காதிலும் மூக்கிலும் ரத்தம். தண்ணீரைப் பிதுக்கி எடுத்துப் பார்த்தார்கள், பிரயோசனம் இல்லை.

ஞானசௌந்தரி கரையில் நின்றுகொண்டிருந்தாள். அழவில்லை. என் கையைப் பிடித்து விரித்து, கயிறு அறுத்த இடத்தைப் பார்த்தாள். “அவரு ஆட்டிருக்காரு. நீங்க ஏன் அண்ணே இழுக்கல?” என்று கேட்டாள்.

“அவனுக்கு இன்னும் முப்பத்து மூணு பாக்கி இருந்துச்சு, ஏளா,” என்றேன்.

அன்றிலிருந்து என்னிடம் பேசவில்லை. ஆற அமர யோசித்தால் அவளுக்குப் புரியும்.

கயிறு ஆடியது தெரிந்தும் இழுக்காமல் இருந்தது நான்தான். அதனால்தான் மனுவேல் செத்தான். இதில் எனக்கு ஆட்சேபம் இல்லை, எழுதச் சொல்லுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். “பொறாமையால்” என்று ரைட்டர் போட்டிருக்கிற ஒரு சொல்லை மட்டும் அடித்துவிடலாம். எனக்கு அவன்மேல் என்ன பொறாமை? அவனுக்கு உள்ளதை அவன் கணக்கில் வைத்தேன், அவ்வளவுதான்.

இன்று காலை லாக்கப்பில் நானும் மூச்சைப் பிடித்துப் பார்த்தேன். காவலுக்கு நின்ற கான்ஸ்டபிளும் கூட எண்ணினார். முப்பத்தெட்டு வந்தது. அதை எழுத வேண்டாம், ஐயா. சும்மா பார்த்ததுதான்.