ஆறிப்போன அறுபது மீட்டர்

டீ ஆறுவதற்குள் குடித்துவிடுகிறேன், ஐயா. எங்கள் தொழிலில் எல்லாமே சூடு இருக்கும்வரைதான்.

விமான ஓடுபாதையில் பழைய தளத்தின்மேல் புதிதாகத் தார்க்கலவை போட்டால், சூடு தணிவதற்குள் ரோலர் ஓட்டி இறுக்கிவிட வேண்டும். அன்று போட்டது இரண்டு அங்குலக் கனம்தான். மெல்லிய தளம் சீக்கிரம் ஆறும். போதாததற்குத் திறந்தவெளியில் காலையிலிருந்தே குளிர்காற்று. கால் மணி நேரம் கிடைத்தால் பெரிது.

ரோலர் ஓட்டியவர் என் அண்ணன். அப்பா போன பிறகு என்னைப் படிக்க வைத்தவர். தளத்தைச் சோதித்துக் கையெழுத்துப் போடுவது நான். ஒரு வருடமாக அவருக்கு அவ்வப்போது வலிப்பு வந்துகொண்டிருந்தது. எனக்கும் அண்ணிக்கும் மட்டும் தெரியும். அன்று பத்தரை மணிக்கு வண்டியிலேயே வந்துவிட்டது. நான் ஏறி எஞ்சினை அணைத்து, அவர் தலையை மடியில் வைத்துக்கொண்டேன். தூரத்தில் நின்றவர்களிடம் ரோலரின் தண்ணீர்க் குழாய் அடைத்துக்கொண்டதாகச் சொன்னேன். அவர் எழுந்து உட்கார அரை மணி ஆயிற்று.

அதற்குப்பின் எத்தனை முறை ஓட்டியும் அந்த அறுபது மீட்டர் இறுகவில்லை. மேலே பார்க்க வழவழவென்றுதான் இருந்தது. மறுநாள் சோதனைக்காக வட்டமாக ஒரு துண்டு வெட்டியெடுத்தேன். விளிம்பைக் கட்டைவிரலால் தேய்த்தேன். ஜல்லி உதிர்ந்தது.

முழுவதையும் சுரண்டிவிட்டுத் திரும்பப் போட வேண்டும். ஏன் இப்படி ஆயிற்று என்று கேட்பார்கள்.

அண்ணன் அதுவரை என்னிடம் எதையும் கேட்டவரில்லை. சோதனைக் கொட்டகையில் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“இத மட்டும் விட்டுருடா தம்பி. வண்டிய விட்டு எறக்கிட்டா நான் வீட்ல உக்காந்து என்னடா பண்ணுவேன்? செத்துருவேன்டா.”

பக்கத்தில் நன்றாக இறுகிய இடத்தில் இன்னொரு துண்டு வெட்டி, அதன்மேல் இந்த இடத்தின் எண்ணை எழுதினேன். மழைக்காலத்துக்குள் வேறு ஏதாவது சாக்குச் சொல்லிப் பிரித்துப் போட்டுவிடலாம் என்றிருந்தேன். மழை முந்திக்கொண்டது.

இறங்கிய விமானம் பிரேக் போட்ட இடத்தில் தளம் தோல்போல உரிந்து வந்தது. பதினேழு பேர் செத்தார்கள். என் கையெழுத்து சரியாக இருந்ததால், விமானிதான் வேகமாக வந்து இடித்துத் தளத்தைப் பெயர்த்துவிட்டார் என்று முடிவு கட்டினார்கள். விசாரணை நடந்த கட்டடத்தின் படிக்கட்டில் அவருடைய மனைவி என்னை நிறுத்தினார்.

“அவரு அப்படி எறக்குறவர் இல்லைங்க. தரையில எதுவும் தப்பில்லையா?”

“இல்லம்மா” என்றேன். நன்றி சொல்லிவிட்டுப் போனார்.

அண்ணன் போன மாதம் தூக்கத்திலேயே இறந்துவிட்டார். இனி அவரை யாரும் வண்டியிலிருந்து இறக்க முடியாது. அதனால்தான் வந்தேன்.

தெரிந்தே செய்தாயா என்று கேட்கிறீர்கள். துண்டை மாற்றியது நான்தான். ஆனால் உயிர் போகும் என்று சத்தியமாக நினைக்கவில்லை. தளம் தாங்கும் என்றுதான் நம்பினேன். அந்த விமானத்தில் என் மகளுக்கும் டிக்கெட் எடுத்திருந்தது. முதல் நாள் வானம் கறுத்ததைப் பார்த்துவிட்டு, ரயிலிலேயே வந்துவிடச் சொல்லி நான்தான் போன் செய்தேன். ரயில் என்றால் அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே பிடிக்கும், ஐயா. வேறு காரணம் எதுவும் இல்லை.