பயிற்சி எல்லைக்கு உள்ளேதான் விழுந்தேன்

என் பெயர் வைதோதாஸ் மஸ்குலிஸ், வயது 56, த/பெ யூசாஸ். லித்துவேனியாவில் ரூத்னின்கை காட்டை ஒட்டிய பெர்ஷெனை கிராமத்தில் குடியிருந்து, மரம் அறுக்கும் மில்லில் ரம்பம் ஓட்டுகிறேன். எட்டாம் வகுப்புக்கு மேல் படிப்பு ஏறவில்லை. சென்ற வாரம் இந்தக் காவல் நிலையத்தில் நான் கொடுத்த வாக்குமூலத்தில் ஒரு பொய் இருப்பதால், அதைத் திருத்த நானாகவே வந்திருக்கிறேன்.

செப்டம்பர் 14 காலை ஏழு மணிக்குக் கூடையோடு காளான் பொறுக்கப் போனேன். எங்கள் நாட்டில் தங்கியிருக்கும் ஜெர்மன் படையின் பயிற்சி நடப்பதாகவும் உள்ளே வரக் கூடாது என்றும் எல்லையில் சிவப்புப் பலகை இருந்தது. படித்துவிட்டுத்தான் உள்ளே போனேன். அதன் பிறகு ஓக் மரத்தடியில் குனிந்திருந்தபோது ஒரு கவச வண்டி பின்னோக்கி வந்தது. எனக்குக் காது மந்தம். ஒரு சிப்பாய் ஓடிவந்து என்னைப் பள்ளத்தில் தள்ளி, என்மேல் விழுந்து மறைத்துக்கொண்டார். வண்டி கூடைமேல் ஏறிப் போனது. எனக்கு இடது மணிக்கட்டு முறிந்தது. அதன் பிறகு அவர் கட்டுப் போட்டு, நசுங்காத காளான்களைத் தன் தலைக்கவசத்தில் பொறுக்கி வைத்து, ஆம்புலன்ஸ் வரை என்னைத் தாங்கி வந்தார். நான் தொண்ணூற்றெட்டு கிலோ. ஒரு வார்த்தை திட்டவில்லை. அவர் இடத்தில் நான் இருந்திருந்தால் என்னை நன்றாகத் திட்டியிருப்பேன்.

அதன் பிறகு மருத்துவமனையில் என் மச்சான் ரிம்வீதாஸ், எங்கே விழுந்தாய் என்று கேட்டார். நல்ல காளான் விளையும் இடத்தை எங்கள் பக்கத்தில் பெற்ற பிள்ளைக்கே சொல்வதில்லை, மச்சானுக்கா சொல்வேன்? எல்லைக்கு வெளியே, பாலத்தருகே என்றேன். "நம்ம காட்டுலயே நம்மளத் தள்ளுறானுங்களா?" என்று அவர் புகார் எழுதினார். உங்களிடமும் நான் பாலம் என்றே சொன்னேன்.

எல்லைக்கு வெளியே பொதுமக்கள்மேல் கைவைத்ததாக அந்தச் சிப்பாய் யோர்ன் ஹெல்ம்கேயைத் தண்டித்து ஊருக்கு அனுப்பப் போவதாக நேற்று தெரிந்தது. என் மகள் ஔஷ்ரா கேட்டாள்: "உங்க உசுரக் காப்பாத்துன பிள்ளையோட வேலைய ஒரு கூடைக் காளானுக்காகக் கெடுக்கப் போறீங்களாப்பா?" அதன் பிறகு இன்று விடிந்ததும் நேரே இங்கே வந்தேன்.

ஆகவே சொல்கிறேன். பலகையிலிருந்து உள்ளே நானூறு அடி, இடி விழுந்த ஓக் மரம், அதன் வடக்குப் பக்கம். எழுதிக்கொண்டிருந்த காவலர் நிமிர்ந்து, வடக்கா வடகிழக்கா என்று கேட்டார். வழக்குக்காகக் கேட்கிறாரா, ஞாயிற்றுக்கிழமை காளான் பொறுக்கக் கேட்கிறாரா என்று தெரியவில்லை. வடக்கு என்றே சொன்னேன்.

அத்துமீறி நுழைந்த அபராதம் என்னுடையது. அந்தப் பிள்ளைமேல் எந்தக் குற்றமும் இல்லை. வாசிக்கக் கேட்டேன், இந்த முறை இடம் உட்பட அத்தனையும் உண்மை.

(ஒப்பம்)
வை. மஸ்குலிஸ்