சுருளிவேலுக்காக வாசித்த கட்டுரை

எனக்குக் காப்பி வேண்டாம், ஐயா. கப்பலில் வந்து இறங்கியதிலிருந்து வயிறு சரியில்லை. ஸ்டேஷன் ரைட்டரை மட்டும் கொஞ்சம் நிதானமாக எழுதச் சொல்லுங்கள்.

ஐரோப்பாக்காரர்கள் எந்தக் காலத்தில் என்ன நினைத்தார்கள், அந்த நினைப்பு எப்படி மாறியது என்று ஆராய்வதற்கென்றே பெல்ஜியத்தில் ஒரு சங்கம் இருக்கிறது. பல தேசத்து அறிஞர்கள் அதில் உறுப்பினர்கள். போடிநாயக்கனூரிலிருந்தும் ஒருவன் இருந்தான் என்றால் சிரிப்பீர்கள். சுருளிவேல் இருந்தான். மதுரையில் கல்லூரியில் நானும் அவனும் ஒரே பெஞ்சு. படிப்பு முடிந்து அவன் குரங்கணிக்கு மேலே அப்பாவின் ஏலத்தோட்டத்தைப் பார்க்கப் போனான். நான் இங்கே பள்ளிக்கூடத்தில் சரித்திர வாத்தியாரானேன். வருஷா வருஷம் அதே பானிபட் யுத்தம்.

சங்கத்துக்கு இரண்டு பேருமே கட்டுரை அனுப்பினோம். என்னுடையது திரும்பி வந்தது. அவனை உறுப்பினராக்கி, ஐம்பத்தாறாம் வருஷ மாநாட்டில் வந்து வாசிக்கச் சொன்னார்கள். கப்பல் செலவும் அவர்களுடையது. நரக பயம் ஐரோப்பாவில் எப்படித் தேய்ந்துபோனது என்று எழுதியிருந்தான். நல்ல கட்டுரை, ஐயா. அதில் ஒரு வரிகூட எனக்கு எழுத வராது. அதை நினைத்து அழுதிருக்கிறேன்.

அவனோ போகவில்லை என்றான். "காய் எடுக்குற நேரத்துல சீமைக்குப் போனா இங்கிட்டு சோலிய யாரு பாக்குறது மாப்ளே? அச்சுல வந்தாப் போதும்."

நாற்பது வயதாகிறது எனக்கு. அந்தச் சபையில் ஒரே ஒரு தடவை நின்று பேசாமல் இந்த ஊரிலேயே மக்கிப்போவேனோ என்ற பயத்தில் சோறு இறங்கவில்லை. உனக்குப் பதிலாக நான் போகிறேன் என்று காலில் விழாத குறையாகக் கெஞ்சினேன். அவனும் நல்ல மனசோடு சங்கத்தைக் கேட்டுப் பார்த்தான். சங்கத்தின் விதிமுறை இடம் கொடுக்கவில்லை. உயிரோடு இருக்கிறவர் தன் கட்டுரையைத் தானே வாசிக்க வேண்டும். இறந்துபோன உறுப்பினரின் கட்டுரையை மட்டும் அவருடைய நெருங்கிய நண்பர் வாசிக்கலாம். மாநாட்டின் முதல் காலைப்பொழுதை அதற்கென்றே ஒதுக்குவது அவர்கள் வழக்கமாம்.

சுருளி விழுந்து விழுந்து சிரித்தான். "நான் செத்தாத்தான் நீ கப்பலேற முடியும் போல, மாப்ளே."

யோசனை அவனுடையது என்பதை ரைட்டர் குறித்துக்கொள்ளட்டும்.

ஏலக்காய் உலர்த்தும் அறையை நீங்கள் பார்த்திருப்பீர்கள். வெளியே அடுப்பில் விறகு எரியும். அந்தச் சூடு இரும்புக் குழாய் வழியாக உள்ளே சுற்றி வரும். குழாயில் வெடிப்பு விட்டுப் புகை கசிகிறது என்று, மழை பெய்துகொண்டிருந்த ஒரு மத்தியானம், அதைப் பார்க்க உள்ளே போனான். சுவர் உச்சியில் காற்றுப் போகிற துவாரங்களில் நான் முன்பே சாக்கைத் திணித்து வைத்திருந்தேன். கதவை வெளியே தாழிட்டேன். அடுப்பில் ஈர விறகாகப் பார்த்துப் போட்டேன்.

அடுப்பு பார்க்கிற மொக்கச்சாமியின் கவனக்குறைவு என்று உங்களிடம் சொன்னவன் நான்தான். கப்பலுக்கு நாள் நெருங்கிவிட்டதே, வேறு யாரைச் சொல்வது? அவனை விட்டுவிடுங்கள். அடுப்பை விட்டுச் சந்தைக்குப் போனதுதான் அவன் செய்த தப்பு. போகச் சொன்னதும் நான்தான்.

சங்கத்துக்குத் தந்தி அடித்தேன். இரங்கலும் கப்பல் டிக்கெட்டும் சேர்ந்தே வந்தன. புறப்படும்போது சுருளியின் மனைவி ஜக்கம்மாள் அவனுடைய கம்பளிக் கோட்டை எடுத்து வந்து கொடுத்தாள். "அங்கிட்டு ரொம்பக் குளிருமாம்ல அண்ணே. அவுக எழுதுனத நாலு பேரு காதுல விழுகுற மாதிரி வாசிச்சுட்டு வாங்க." கோட்டு எனக்குச் சரியாக இருந்தது.

வாசித்தேன். சபையே எழுந்து நின்று கைதட்டியது. இதற்காகத்தான் பிறந்தேன் என்று தோன்றியது. அப்புறம் வயதான ஓர் அம்மாள், பெரிய அறிஞர், இதை எழுதியவர் நரகத்தை நம்பினாரா என்று கேட்டார். நான் அவனிடம் கேட்டதில்லை என்றேன். அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை, ஐயா. கண்ணை மூடினால் போதும், புகை நாற்றம் வந்துவிடுகிறது.

அவன் கஷ்டப்பட்டானா என்று கேட்கிறீர்கள். கொஞ்ச நேரம் தட்டினான். "மாப்ளே, கதவு இறுகிக்கிருச்சு. வெரசா தெற, மூச்சு முட்டுது." தாழிட்டது நான் என்று கடைசிவரை அவனுக்குத் தோன்றவே இல்லை. என்னையேதான் கூப்பிட்டுக்கொண்டிருந்தான். நான் தாழ்ப்பாளைப் பிடித்தபடி, அவன் கட்டுரையின் முதல் பக்கத்தை வாய்விட்டுச் சொல்லிப் பழகிக்கொண்டிருந்தேன். அத்தனை பெரிய சபையில் உச்சரிப்பு தவறினால் அவனுக்குத்தானே அவமானம், ஐயா.