வெள்ளிக்கிழமைச் சோறும் எட்டாம் வகுப்பும்

இந்த அவையின் தலைமைக் கதிரையில் வீற்றிருந்து, நான் வாய் திறக்க முன்னமே "மெல்ல, மெல்ல" என்று கையால் சைகை காட்டிக்கொண்டிருக்கும் எங்கள் தலைமையாசிரியர் பரமலிங்கம் அவர்களே! ஒரே வாங்கிலே அருகருகாக அமர்ந்தும், ஒருவர் கிழக்கையும் மற்றவர் மேற்கையும் பார்த்துக்கொண்டிருக்கும் பிள்ளையார் கோவில் ஐயர் அவர்களே, கரைக் கத்தோலிக்கப் பங்கின் சுவாமியார் அவர்களே! காடு வெட்டி, கட்டை பிடுங்கி, கழனி கண்ட குடியேற்றத்துப் பெரியோர்களே! பிள்ளைகளை மடியிலும் கவலையை மனத்திலும் வைத்துக்கொண்டு பாயிலே அமர்ந்திருக்கும் தாய்மார்களே! வலை வீசி வள்ளம் ஓட்டி வாழ்கின்ற, இன்றைக்கு வேலிக்கு வெளியே நின்றபடி நான் என்ன சொல்லப் போகிறேன் என்று பார்த்துக்கொண்டிருக்கிற கடற்கரைச் சகோதரர்களே! உங்கள் அனைவருக்கும், பெற்றார் ஆசிரியர் சங்கத்தின் செயலாளன் என்ற முறையிலே, அப்புத்துரையின் பணிவான வணக்கம்.

பணிவு அவ்வளவோடு சரி. இனி எனக்குக் கோபம் வரும். தலைவர் மன்னிக்க வேண்டும்.

நாளைக் காலையிலே கல்விக் கந்தோரிலிருந்து, பள்ளிக்கூடங்களைப் பரிசோதிக்கிற வித்தியாதரிசி வருகிறார். ஏன் வருகிறார்? நம் வீட்டு மோர் குடிக்கவா? நம் குளத்து அழகு பார்க்கவா? இல்லை ஐயா, இல்லை! எட்டாம் வகுப்பிலே தலை எண்ண வருகிறார். பதினைந்து பிள்ளைகள் இருந்தால் வகுப்பு இருக்கும். ஒரு தலை குறைந்தாலும் வகுப்பை மூடி, வாங்குகளை லொறியிலே ஏற்றிக்கொண்டு போய்விடுவார். குடியேற்றத்துப் பிள்ளைகள் எட்டுப் பேர். கரைப் பிள்ளைகள் ஒன்பது பேர். சேர்ந்தால் வகுப்பு, பிரிந்தால் வெறுங்கொட்டில். அந்த ஒன்பது பேரும் போன வெள்ளிக்கிழமைக்குப் பிறகு இந்தப் படலைக்குள் கால் வைக்கவில்லை. நாளையும் வராவிட்டால் கதை முடிந்தது.

என்ன? பின்னாலே யாரோ சொல்கிறார்கள். உரக்கச் சொல்லும்!

"மூடினால் மூடட்டும். யாழ்ப்பாணத்திலை பள்ளிக்கூடம் இல்லையோ?"

குரலைக் கேட்டதுமே தெரிந்துவிட்டது, கனகலிங்கம். இருக்கிறது தம்பி, இருக்கிறது! யாழ்ப்பாணத்திலே பள்ளிக்கூடம் இருக்கிறது, விடுதி இருக்கிறது, விடுதியிலே புட்டும் சம்பலும் இருக்கிறது. உம்முடைய மகனை அனுப்புவீர். ஆனால் உமக்கு மகள்மாரும் இருக்கிறார்களே, அவர்களை அனுப்புவீரா? சமைந்த பிள்ளையை நூறு மைல் கட்டைக்கு அங்காலே விடுதியிலே விட்டுவிட்டு, வீட்டிலே நிம்மதியாகப் படுப்பீரா? என்னைப் பார்க்க வேண்டாம். அந்தப் பாயிலே இருக்கிற உம்முடைய மனைவியின் முகத்தைப் பாரும்! பார்த்தீரா? இனி இரும்.

எட்டாம் வகுப்புப் போனால் ஆண்பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் மாறும். பெண்பிள்ளைக்குப் படிப்பே முடியும்! என்னுடைய அருந்ததிக்கு முடியும். வீரகத்தியரின் விமலேஸ்வரிக்கு முடியும். கரையிலே மரியநேசனின் யூலிற்றாவுக்கும் முடியும். கரைப் பள்ளிக்கூடம் ஐந்தாம் வகுப்போடு நின்றுவிடும். அதற்கு மேலே படிக்க அந்தப் பிள்ளைகளுக்கு நம் பள்ளிக்கூடத்தை விட்டால் வேறு வாசல் இல்லை. அந்தப் பிள்ளைகளை விட்டால் நமக்கும் வகுப்பு இல்லை. யார் யாருக்குப் பிச்சை போடுகிறோம்? சொல்லுங்கள் பார்க்கலாம்!

சபையோரே, இந்த வட்டாரத்துப் பள்ளிக்கூடங்களின் சீத்துவம் உங்களுக்குத் தெரியாததல்ல. ஓலைக் கொட்டில் ஒன்று, வாத்தியார் இருவர், அதிலே ஒருவருக்கு எப்போதும் மலேரியாக் காய்ச்சல். பரீட்சைப் பெறுபேறு வந்தால் நம் வட்டாரத்தைக் கீழிருந்து தேட வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன், கரைப் பிள்ளைகள் இங்கே வரத் தொடங்க முந்தி, ஒரு வித்தியாதரிசி வந்து நம் பையனிடம் கேட்டார்: "வற்றுப்பெருக்கு என்றால் என்ன?" கடல் ஏறி இறங்குவதைத்தான் கேட்டார். கடலைக் கண்ணால் காணாத பையன் என்ன சொன்னான் தெரியுமா? "துருசைத் திறந்தால் குளம் வற்றும் ஐயா, பூட்டினால் பெருகும்" என்றான். சிரியுங்கள், சிரியுங்கள்! அதே ஐயா கரைக்குப் போய், "ஆண்டுக்கு எத்தனை போகம்?" என்று நெல் விளைச்சலைக் கேட்டாராம். அங்கே ஒரு பிள்ளை, "சோளகக் காற்றுக்கு ஒன்று, வாடைக் காற்றுக்கு ஒன்று. வாடைக்கு இறால்தான் கூட" என்றதாம். இரண்டு பள்ளிக்கூடத்துக்கும் முட்டை!

பிறகு என்ன நடந்தது? இரண்டு பகுதிப் பிள்ளைகளும் ஒரே வாங்கிலே இருந்தார்கள். யூலிற்றா கணக்கிலே புலி. என் மகள் கணக்கிலே பூனை. என் மகளுக்கு இலக்கணம் வரும். யூலிற்றாவுக்கு இலக்கணம் என்றால் தலையிடி. ஒன்றுக்கொன்று சொல்லிக் கொடுத்தன. போன ஆண்டு ஏழாம் வகுப்புப் பரீட்சையிலே இந்த வட்டாரத்துக்கே நம் பிள்ளைகள்தான் முதலிடம்! முதலிடம் ஐயா! குளக்கட்டு உடைந்தபோது வந்த லொறிக்காரர்கூட நம் ஊரின் பெயரைச் சரியாகச் சொல்லவில்லை. அன்றைக்குக் கல்விக் கந்தோரிலே நம் ஊரின் பெயரை உரத்து வாசித்தார்கள். நான் அங்கே நின்றேன். வெட்கமில்லாமல் அழுதேன்.

அந்த வகுப்பைத்தான் ஒரு சோற்றுப் பார்சல் உடைத்திருக்கிறது.

போன வெள்ளிக்கிழமை மத்தியானம், மருத மர நிழலிலே பிள்ளைகள் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். மகளைக் கூட்டிப்போக வந்த வீரகத்தியர் பார்த்திருக்கிறார். விமலேஸ்வரிக்குப் பக்கத்திலே யூலிற்றா. அவளுடைய வாழையிலையிலே சோறும் பொரித்த மீனும். வெள்ளிக்கிழமை! நம் வீடுகளிலே மச்சச் சட்டியை மூலையிலே கவிழ்த்து வைக்கிற நாள்! "வெள்ளிக்கிழமையிலை பள்ளிக்கூடத்துக்கு மீனோ?" என்று அந்த இலையைச் சுருட்டி வேலிக்கு அங்காலே எறிந்துவிட்டார். மறுநாளே கரையிலிருந்து செய்தி வந்தது: "வீரகத்தி எங்கடை கோவில் வாசலிலை வந்து மன்னிப்புக் கேக்கவேணும். இல்லாட்டிப் பிள்ளையள் வராது." நம் பகுதியிலிருந்து பதில் போனது: "வெள்ளியிலை மீன் கொண்டுவரமாட்டம் எண்டு சத்தியம் பண்ணட்டும்." அவர்கள் இறங்கவில்லை. இவர்களும் இறங்கவில்லை. நடுவிலே நிற்கிறது எட்டாம் வகுப்பு!

நான் சைக்கிளை எடுத்துக்கொண்டு கரைக்குப் போனேன். சுவாமியாரிடம் நேரே கேட்டேன். "சுவாமி, எங்களுடைய விரத நாள் என்று தெரிந்தும் மீன் கொடுத்து விடலாமா?" அவர் என்னை ஆச்சரியமாகப் பார்த்தார். "செயலாளர், வெள்ளிக்கிழமை எங்களுக்கும் விரதந்தானே! சுத்தபோசன நாள். இறைச்சி தொடமாட்டோம். அதனால்தான் மீன்" என்றார்.

கேட்டீர்களா? கேட்டீர்களா சபையோரே! நமக்கு விரதமென்றால் மீன் இல்லை. அவர்களுக்கு விரதமென்றால் மீன்! இறைச்சியை விட்டு மீனைத் தின்பது அவர்களின் நோன்பு. மீனை விட்டு மரக்கறி தின்பது நம்முடைய நோன்பு. ஒரே நாளிலே, ஒரே மர நிழலிலே, இரண்டு பிள்ளைகளும் விரதச் சோறு தின்றுகொண்டிருந்தார்கள். நாங்கள் வளர்ந்தவர்கள் போய் அதைக் குழப்பினோம்!

முணுமுணுக்க வேண்டாம். "மீன் மீன்தானே" என்று ஒருவர் சொல்கிறார். அப்படியானால் நான் கேட்கிறேன். ஞாயிற்றுக்கிழமை காட்டுப்பன்றி விழுந்தால் பங்கு போடுகிற இடத்திலே முதலாவதாக நிற்கிறவர் யார்? மரை இறைச்சி வத்தலைப் பொரித்து மணக்க மணக்க... சரி, பெயர் சொல்லவில்லை. தாய்மார்கள் சிரிக்கிறார்கள், அது போதும்!

"அப்ப நான்தான் பிழை எண்டு சொல்லுறீரோ, அப்புத்துரை?"

வீரகத்தியர் எழும்பிவிட்டார். இரும் ஐயா. நீர் கெட்டவர் என்று நான் சொல்லவில்லை. போன மாரிக்குக் குளக்கட்டு அரித்தபோது கொட்டுகிற மழையிலே மண்மூட்டை சுமந்த தோள் உம்முடையது. வேலிக்கு வெளியே நிற்கிறவர்களுக்கும் சொல்கிறேன்: மீன்பிடிகாரன் பிள்ளை என்ற இளக்காரத்திலே அவர் எறியவில்லை. வெள்ளிக்கிழமை என்ற பயபக்தியிலே எறிந்தார். ஆனால் வீரகத்தியரே, எறிந்தது சோறு! பிள்ளையின் கையிலிருந்த சோறு! எந்தச் சாமி அதைக் கேட்டது? ஐயர் இங்கேதான் இருக்கிறார், கேளும்! ஐயர் தலையைக் குனிந்துகொண்டார், பார்த்தீரா?

வேலிக்கு வெளியே மரியநேசன் கையை உயர்த்துகிறார். சத்தம் போட வேண்டாம்! அவரைப் பேச விடுங்கள். பிள்ளையின் தகப்பன் அவர். சொல்லும் மரியநேசன், உரக்கச் சொல்லும்.

"அண்ணை, கனக்கக் கதைக்க எனக்குத் தெரியாது. இது தபசு காலம், உயிர்த்த ஞாயிறுக்கு முந்தின நாப்பது நாள் நோன்பு. எங்கடை வீட்டிலை வெள்ளிக்கிழமையிலை ஒருநேரச் சோறுதான். யூலிற்றா சின்னப்பிள்ளை, அவளுக்குத் தேவையில்லை எண்டு தாய் மார்கிறட் சொன்னவா. தானும் நோன்பு பிடிப்பன் எண்டு நிண்டவள். அந்த ஒருநேரச் சோத்தைத்தான் இவர் எறிஞ்சவர். பிள்ளை வீட்டை வந்து ஒருத்தருக்கும் சொல்லேல்லை. அண்டைக்கு முழுக்கப் பட்டினி. அடுத்தநாள்தான் எங்களுக்குத் தெரியும்."

சபையோரே, எனக்கும் இது இப்போதுதான் தெரியும்.

இனி யார் பேசுவது? வீரகத்தியரே, நீர் நிற்கிறீர். நில்லும். நான் ஒன்றும் கேட்கப் போவதில்லை. ஒரு விரதகாரப் பிள்ளையைப் பட்டினி போட்டோமே என்று உம்முடைய நெஞ்சு உம்மைக் கேட்கட்டும்.

பாயிலே ஒருவர் எழும்புகிறார். நாகேஸ்வரி அக்கா. வீரகத்தியரின் மனைவி. சொல்லுங்கோ அக்கா.

"தெரியாட்டிப் பிள்ளையிட்டைக் கேட்டிருக்கலாம். அதைக் கேக்க என்ன வெக்கம்? மரியநேசன் தம்பி, நாளைக்கும் வெள்ளிக்கிழமைதான். பிள்ளையை அனுப்புங்கோ. மீனோடையே அனுப்புங்கோ. என்ரை விமலேஸ்வரி தன்ரை பருப்பும் சோறும் கொண்டுவந்து பக்கத்திலை இருந்துதான் தின்னும். ஆர் தடுக்கினம் எண்டு நான் வந்து நிண்டு பாக்கிறன்."

கைதட்ட வேண்டாம்! இன்னும் ஒன்றும் முடியவில்லை. மரியநேசன் வீரகத்தியரைத்தான் பார்க்கிறார். நியாயந்தானே! எறிந்த கை ஒருவருடையது. மன்னிப்பு இன்னொருவர் வாயிலிருந்து வந்தால் போதுமா?

வீரகத்தியர் துண்டை உதறித் தோளிலே போடுகிறார். போகிறீரா? ஐயா, போக வேண்டாம்! கோபித்துக்கொண்டு போனால் நாளைக்கு உம்முடைய மகளுக்கும் வகுப்பு இல்லை, என்னுடைய மகளுக்கும் இல்லை. இளைஞர்களே, அவரைப் பிடித்து நிறுத்தாதீர்கள். வழி விடுங்கள். அவர் எங்கே போகிறார்?

படலையடிக்குப் போகிறார். வெளியே போய்விட்டார். மரியநேசனுக்கு முன்னாலே நிற்கிறார். கரைச் சகோதரர்களே, தயவுசெய்து நெருக்க வேண்டாம்! ஒருவரும் கை வைக்க வேண்டாம்! அவர் ஏதோ சொல்கிறார். எனக்குக் கேட்கவில்லை. எட்டிப் பார்க்க வேண்டாம் பிள்ளைகளே, இருங்கள். நமக்குக் கேட்க வேண்டிய அவசியமும் இல்லை. இது இரண்டு தகப்பன்மாரின் கதை.

மரியநேசன் நிலத்தைப் பார்க்கிறார். நிமிர்கிறார். இங்கே பார்க்கிறார். என்ன சொல்கிறீர், மரியநேசன்? சபைக்குக் கேட்கச் சொல்லும்!

"தலைமை வாத்தியார், நாளைக்கு எத்தினை மணிக்கு மணி அடிப்பியள்?"

தலைவர் அவர்களே, எழும்புங்கள்! கேட்டது உங்களைத்தான். கண்ணைப் பிறகு துடைக்கலாம், பதிலைச் சொல்லுங்கள்!

"எட்டு மணிக்கு, மரியநேசன். எட்டு மணிக்கு."

சபையோரே, இதற்கு மேலும் மேடையிலே நின்று பேசுகிறவனுக்குக் கல்லால் எறிய வேண்டும். தலைவருக்கும், ஐயருக்கும், சுவாமியாருக்கும், என்னுடைய கோபத்தைப் பொறுத்த பெரியோருக்கும், நாகேஸ்வரி அக்காவுக்கும், வேலிக்கு வெளியே நின்று கேட்ட உங்களுக்கும் என் நன்றி. எல்லோரும் வீட்டுக்குப் போய்ப் பிள்ளைகளின் வெள்ளைச் சட்டையைத் தோய்த்துக் காயப் போடுங்கள். வணக்கம்.