தேவியை வேறு முகாமுக்கு அனுப்பினேன்

காலை ஆறு பத்து. ஓடுகிறோம். பின்னால் கடல். புயல் திருவிடந்தைக் குப்பத்தின் கூரைத் தகடுகளை ஒவ்வொன்றாகப் பிய்க்கிறது. படார். மூன்று எண்ணுவதற்குள் இன்னொரு படார். சாலையின் குறுக்கே இடுப்பளவு நீர் இழுக்கிறது.

"தாத்தா, அந்தாண்ட போவாத! கம்பி அறுந்து கீது!"

கத்தியவள் ஷகிலா. பத்தாம் வகுப்பு. அவளோடு வகுப்புத் தோழிகள் மகா, தேவி. துப்பட்டாக்களை முடிந்து கயிறாக்கி நீரில் நின்றார்கள். தேவி நடுவில். அவளுக்குத் தாய் இல்லை. கடலுக்குப் போன அப்பா இரண்டு நாளாகத் திரும்பவில்லை. இருபுறமும் இருவர் பிடித்திருந்தார்கள். அதனால் நின்றாள். பதினோரு பேரை இழுத்துக் கரையேற்றினார்கள். நான் ஒன்பதாவது, கையில் பழைய அலுவலகக் கோப்போடு.

"பெருசு, அந்த ஃபைல தல மேல வச்சுக்க. நனைஞ்சா கவர்மென்ட்டே கவுந்துடும்," என்றாள் மகா. தேவி சிரித்தாள். அந்த நீரில் நின்றுகொண்டு சிரித்தாள்.

பள்ளியில் முகாம் திறந்தார்கள். நான் வருவாய்த் துறையில் ஓய்வு பெற்றவன். நடைமுறை தலைகீழ்ப் பாடம். பதிவேட்டை என்னிடம் கொடுத்தார்கள். உயிர் பிழைத்து ஒரு மணி நேரம் ஆகவில்லை. கோடு போட அளவுகோல் கேட்டேன்.

விதி எளிது. குடும்ப அட்டையில் எந்த முகவரியோ, அந்தப் பகுதி முகாம். தேவியின் அட்டையில் மாமல்லபுரம். வீடு மாறி நான்கு ஆண்டுகள். அட்டையை யாரும் மாற்றவில்லை.

"அவ எங்க கூடவே இருக்கட்டும் தாத்தா. தனியா வுட்டா ஒடைஞ்சிடுவா," என்றாள் ஷகிலா.

அதற்குப் பதிவேட்டில் கட்டம் இல்லை. தேவியை வேனில் ஏற்றினேன். மூன்று பிரதிகளில் கையெழுத்திட்டேன்.

மாமல்லபுரம் மண்டபத்தில் நானூறு பேர். தேவிக்குத் தெரிந்த முகம் ஒன்றுமில்லை. சோற்றைத் தொடவில்லை. பக்கத்தில் ஒரு குழந்தை தண்ணீர் கேட்டு அழுதது. தேவி எழவில்லை. "சோம்பேறிப் பொண்ணுன்னு நெனச்சிட்டேன் சார்," என்றார் மண்டபப் பொறுப்பாளர், பிறகு.

மறுநாள் காலை ஏழு மணி. "கூட்டாளிங்கள பாத்துட்டு வரேன்" என்று வாசற்காவலரிடம் சொன்னாள். வடக்கே நடந்தாள். எங்களை நோக்கி. வழியில் பாலம் சரிந்திருந்தது. தடுப்பு வைக்க உத்தரவு வர வேண்டும். மதியம் வந்தது. தேவியின் உடல் அதற்கு முன்பே வந்துவிட்டது.

மூன்றாம் நாள் அவள் அப்பா வந்தார். படகு தெற்கே ஒதுங்கியிருந்தது.

"எம் பொண்ணு இன்னாத்துக்கு சார் அங்க போச்சு?"

பதிவேட்டைத் திறந்து காட்டினேன். அவருக்குப் படிக்கத் தெரியாது. வாசித்துக் காட்டினேன்.

போன மாதம் பேருந்து நிறுத்தத்தில் வழுக்கி விழுந்தேன். எதிரே ஷகிலாவும் மகாவும். பார்த்தார்கள். கை கொடுக்காமல் போய்விட்டார்கள்.

எங்கள் குப்பத்தில் போனவை. வீடு இருபத்தாறு. படகு ஒன்பது. வலைகளை எண்ணவில்லை. உயிர் ஒன்று என்று அறிக்கையில் எழுதினேன். நான் இழந்த பிள்ளைகள் மூன்று.